கீழே, கொஞ்சம் இடப்பக்கம்

அரத்தை முதல் தரம் இழுத்தபோது எழுந்த சத்தம் யோகமலருக்குப் பிடித்திருந்தது. சிரட்டையைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி ஒரு சின்னக் கீச்சல், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய சத்தம் போடுகிற சாமானைத் திருத்துகிற வேலை இப்படி மெல்ல நடக்கிறதே என்று நினைத்தாள், சிரிப்பு வந்தது, சிரித்தால் கை ஆடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேசையில் பழைய துவாய், துவாயின் மேல் ஒரு மரக்கட்டை, கட்டையின் பள்ளத்தில் அசையாமல் கிடக்கிறது அவளுடைய ரிவோல்வர். நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி அமெரிக்காவில் யாரோ இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த துவக்கின் நகல். இத்தாலியில் இப்போதும் செய்து விற்கிறார்கள். தோட்டா கிடையாது. உருளையின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கரிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து இறுக்கி, பின்பக்கம் ஒரு செப்புத் தொப்பியை மாட்டித்தான் சுட வேண்டும். குறி பார்க்க அதில் இருப்பது இரண்டே சங்கதி: முதுகில் ஒரு வெட்டு, குழல் நுனியில் நிமிர்ந்து நிற்கிற சின்னத் தகடு. வெட்டின் நடுவில் தகடு தெரிய வேண்டும், தகட்டின் தலையில் தூரத்துக் கறுப்பு வட்டம் உட்கார வேண்டும். சுவிஸ்காரர் பேசுகிற ஜெர்மனில் அந்தத் தகட்டுக்குத் தானியம் என்று பேர். ஏன் என்று கேட்டதற்கு, சுடப் பழக்கின வெரேனாவுக்கும் தெரியவில்லை. யோகமலர் மனதுக்குள் அதை நெல்லுமணி என்று வைத்துக்கொண்டாள், போகப் போகச் சுருங்கி வெறும் மணி. மணி உயரமாக இருந்தால் குண்டு கீழே போகும். அராவிக் குறைத்தால் குண்டு மேலே ஏறும். ஒரு தலைமயிர்த் தடிப்பு அராவினால் இருபத்தைந்து மீற்றரில் ஒரு விரலளவு ஏறும். புதுத் துவக்கில் மணியை வேண்டுமென்றே உயரமாகத்தான் விட்டிருப்பார்கள், வாங்கினவர் தன் கைக்கும் தன் மருந்துக்கும் ஏற்றபடி அராவிக்கொள்ளட்டும் என்று. "மெல்ல மெல்ல," என்று வெரேனா சொல்லியிருந்தார், "எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது." அந்த வார்த்தையில்தான் காலையிலிருந்து அவள் மனம் முள்ளில் சேலை மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறது. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. பிடுங்கின பல். வெட்டின முருங்கை. ஊர் வீட்டின் மேற்குச் சுவர், அது சண்டையில் விழுந்த பிறகு அடுப்படியிலிருந்து பார்த்தால் நேரே ரோட்டுத் தெரிந்தது, அப்படித் தெரிவது அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது, யாரோ தன்னைக் குளிக்கிற நேரம் பார்க்கிற மாதிரி. பிறகு பேர்ண் பக்கத்து ஸ்டேசன் ஒன்றில் கையில் ஒரு பையுடன் வந்து இறங்கின அந்தக் குளிர். இன்னொரு தரம் இழுத்தாள். கீச். இரும்புத் தூள் துவாயில் மிளகுத்தூள் மாதிரி விழுந்தது.

இந்தக் கட்டடத்துக்குள் அவள் முதல் முதல் வந்தது தும்புத்தடியும் வாளியுமாக. துவக்குச் சங்கத்தின் கூடத்தையும் சமையலறையையும் கழுவித் துடைக்கிற வேலை. ஒருவரும் சுடாத நாளில் வந்து போகலாம் என்று பேச்சு, அதற்குத்தான் சம்மதித்தாள். ஒரு நாள் அந்தப் பேச்சு பிசகிவிட்டது. கோப்பை கழுவிக்கொண்டு நின்றவளுக்குப் பிறகு தெரிந்ததெல்லாம், தான் மேசைக்குக் கீழே கன்னம் தரையில் பட்டபடி கிடக்கிறாள் என்பதுதான். தரையில் தேசிக்காய்ச் சவர்க்கார வாசம் வந்தது. நல்லாய்த்தான் துடைத்திருக்கிறேன் என்று ஒரு எண்ணம் ஓடினது ஞாபகம் இருக்கிறது. அப்போது உள்ளே வந்தவர் வெரேனா. முப்பது வருசம் ஊர் ஊராகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஓய்வெடுத்தவர், சங்கத்தின் கதவுத் திறப்பு அவரிடம்தான் இருக்கும். குனிந்து பார்த்தார். வெளியே போனார், சுடுகிற சத்தம் நின்றது, திரும்பி வந்தார். இழுத்து வெளியே எடுக்கப் போகிறார், தோளில் கைவைக்கப் போகிறார், தண்ணீர் கொடுக்கப் போகிறார் என்று இவள் உடம்பு இறுகிப்போய்க் கிடந்தது. அவர் முழங்கால் இரண்டும் முறிகிற மாதிரி முனகிக்கொண்டு குனிந்து, தவழ்ந்து, தானும் மேசைக்குக் கீழே வந்து கழுத்தை மடித்துக்கொண்டு இருந்துவிட்டார். தொடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மேலே பார்த்துச் சொன்னார்: "இந்த மேசைக்கு அடியில் யாரோ சுவிங்கம் ஒட்டி வைத்திருக்கிறார்கள்." யோகமலருக்கு என்ன நடந்ததென்றே தெரியவில்லை, சிரித்துவிட்டாள். அழுகிறதற்கு முதலே சிரிப்பு வந்த ஒரே நாள் அதுதான். இன்றைக்கும் யாராவது சுவிஸ் மனிதர்கள் குளிர்ந்தவர்கள், ஒட்டமாட்டார்கள் என்று கல்யாண வீடுகளில் கதைத்தால் இவள் வாயைத் திறப்பதில்லை. மேசைக்கடிக்கு வந்த அந்த முழங்கால்களை எப்படி விளங்கப்படுத்துவது?

பார், இதை நினைத்தபடியே மூன்று நாலு இழுப்பு இழுத்துவிட்டேன் என்று திடுக்கிட்டு அரத்தைக் கீழே வைத்தாள். மணியின் தலை பளபளவென்று வெள்ளையாகியிருந்தது. கூடிப்போய்விட்டதோ. கண்ணுக்குத் தெரியாது, சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். பளபளக்கிற மணி வெயிலில் கண்ணை ஏமாற்றும், கறுப்பாக்க வேண்டும். மெழுகுதிரியைக் கொளுத்திச் சுடரை அதன் தலையில் பிடித்தாள், கரி படிந்தது. குழந்தைக்கு மை கூட்டுகிற மாதிரியே இருக்கிறது. மகள் ஆரணி பிறந்த புதிதில் இந்த ஊர்த் தாதிமார் மை பூசவேண்டாம், கண்ணுக்குக் கூடாது என்று சொன்னபோது, கன்னத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்து அதை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்வரை கம்பளித் தொப்பியால் மறைத்துக்கொண்டு வந்தவள் இவள். இப்போது துவக்குக்குப் பொட்டு வைக்கிறாள். ஆரணிக்குச் சொன்னால் போனில் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அறைகளை நிரப்பத் தொடங்கினாள். முதலில் செப்புக் குவளையால் அளந்து கரிமருந்து, அதன் மேல் ஒரு கரண்டி ரவை. இந்த ரவையைப் பார்த்துத்தான் அவளுக்கு இந்தத் துவக்கின் மேல் முதல் முதல் பயம் விட்டது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெறும் இடம் இருக்கக்கூடாது, அதை நிரப்ப இங்கே எல்லாரும் ரவைதான் போடுகிறார்கள், கடையில் வாங்குகிற அதே ரவை, அவள் ஞாயிற்றுக்கிழமையில் வறுத்து உப்புமா கிண்டுகிற அதே ரவை. ரவை போடுகிற ஒரு சாமான் எவ்வளவுதான் கெட்டதாக இருந்துவிட முடியும்? பிறகு ஈயக் குண்டு, குழலுக்குக் கீழே இருக்கிற நெம்புகோலை இழுத்து இறுக்கினால் ஈயத்தில் மெல்லிய வளையமொன்று சீவுப்பட்டு விழும். அறையின் வாயில் கொஞ்சம் தேன்மெழுகுக் கொழுப்பு. ஒரு அறை. இனி அடுத்தது. இதை அவசரமாகச் செய்ய ஏலாது. அவசரப்படுகிறவருக்கு இந்தத் துவக்கு ஒத்துவராது. அவளுக்குத் தெரிந்த துவக்குகள் எல்லாம் கேட்காமல் வெடித்தவை. சோறு குழைக்கிற நேரம், பள்ளிக்கூட வாசல், நித்திரை. இதுவோ ஒவ்வொரு தரமும் அவளைக் கேட்டுக் கேட்டு நிற்கும்: மருந்து போட்டாயா, ரவை போட்டாயா, தொப்பி மாட்டினாயா, இப்போது வேண்டுமா? வேண்டாம் என்றால் வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போகலாம். அதோடு அந்த மணம். முதல் நாள் யன்னலுக்கு உள்ளே நின்றுதான் பார்த்தாள், வெள்ளைப் புகை எழும்பி யன்னலுக்கு வந்தது, வந்த மணம் சண்டையின் மணம் இல்லை. கந்தக மணம். கோயில் பூங்காவனத் திருவிழாவில் வாணம் விட்ட மணம். காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, ஆனால் கண்ணை மூடாமல் அண்ணாந்து பார்த்தபடி, இன்னொன்று விடட்டும் என்று நின்ற ஒரு பெட்டைப்பிள்ளை இருந்தாள். வெடிச்சத்தம் அவளுக்கு விருப்பம். அவளை யோகமலர் அடியோடு மறந்துபோயிருந்தாள். பிறகு வந்த சத்தங்கள் எல்லாம் அவளுக்கு மேல் மண் போட்டு மூடிவிட்டன. ஒரு புகை வந்து அவளைக் காட்டித் தந்தது. இதற்கு யாருக்கு நன்றி சொல்கிறது? வெரேனாவுக்குச் சொன்னாள், மெர்சி என்று. இந்த ஊரில் மெர்சி என்பது மூச்சு விடுகிற மாதிரி, பஸ் சாரதிக்கு, பாண்காரிக்கு, கதவைப் பிடித்துக்கொள்கிற அந்நியனுக்கு. வெரேனாவும் இவளும் ஜெர்மனில் நீ, நீ என்றுதான் கதைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே கதையை மனம் திரும்பத் தமிழில் ஓட்டிப் பார்க்கும்போது இவள் சொன்னதெல்லாம் தானாகவே நீங்கள் ஆகிவிடும். மெர்சி மட்டும் எந்தப் பாஷைக்கும் மாறாமல் அப்படியே நிற்கும். வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடம் இல்லை. நன்றி என்பது மேடையில் கூட்டம் முடிகிற நேரம் சொல்கிற சொல். கட்டினவரைப் பார்த்து நன்றி என்று சொன்னால் இவர் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

இவர் இப்போது வெளியே காருக்குள் இருக்கிறார். திரும்பிப் பார்த்தால் பின்யன்னலில் காரின் நீலக் கூரை தெரியும், திரும்பிப் பார்க்கக்கூடாது என்று காலையிலிருந்து பத்துத் தரமாவது திரும்பிப் பார்த்துவிட்டாள். பேரின்பநாதன், அவளைக் கட்டினவர், பேக்கரியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மாவு வாசம் இன்னும் போகவில்லை, கோட்டில் இருக்கிறதோ மேலிலேயே ஊறிவிட்டதோ தெரியாது. சனிக்கிழமைகளில் அவளைச் சங்க வாசலில் இறக்கிவிடுவார், கதவு சாத்துகிற சத்தம் அடங்க முதலே காரைத் திருப்பிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார், சத்தம் எட்டாத தூரம். நேரத்துக்கு வந்து ஏற்றிக்கொண்டு போவார். துவக்கு வீட்டுக்கு வரக்கூடாது என்று மட்டும்தான் சொன்னவர், அது சங்கத்துப் பெட்டகத்துக்குள் இருக்கிறது. போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இன்றைக்குக் காலையில் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், இதுவரைக்கும் கேட்காத ஒன்றை.

"எவ்வளவு கீழ போகுது?"

"அரைச் சாண் இருக்கும். கொஞ்சம் இடப்பக்கமும்."

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"அராவப் போறன்."

"கூட அராவிப் பிழைச்சால்?"

"பிழைச்சால் பிழைச்சதுதான். ஒட்டேலாது."

இவர் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார். "இண்டைக்கு நான் அங்கயே காருக்குள்ள இருக்கிறன்," என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை, கேட்டால் மாற்றிவிடுவார். ஆனால் இப்போது, இன்னும் ஒன்றும் சுடாமலே, ஒவ்வொரு சூடும் அவளுக்கு இரண்டாகக் கேட்கிறது, இங்கே ஒன்று, கண்ணாடி ஏற்றின காருக்குள் ஒன்று. இவர் ரேடியோவைப் போட்டிருப்பாரோ. கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பாரோ. இந்த நினைவோடு விரலை இழுத்தால் எங்கே போகும் குண்டு? எங்கே போகும், இடப்பக்கம்தான் போகும்.

அதுதான் விசயம். போன சனி வெரேனா சொன்னது. யோகமலர் சுட்டதெல்லாம் கீழேயும் இடப்பக்கமும் போய்க் கூடுகட்டியிருந்ததைப் பார்த்து, துவக்கை வாங்கி மணல் மூட்டையில் வைத்துத் தானே சுட்டுப் பார்த்தார். அவருடைய ஓட்டைகளும் கீழேதான், ஆனால் நேர் கீழே. கடதாசியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கீழே போவது துவக்கு," என்றார், "இடப்பக்கம் போவது நீ." வெடிக்கப்போகிறது என்று தெரிந்தவுடன், வெடிக்க ஒரு கண்ணிமைக்கு முன்னால், கை தானாகவே ஒரு சுண்டு சுண்டுகிறதாம், வலக்கைக்காரருக்கு அது கீழ் இடப்பக்கத்துக்குத்தான் இழுக்குமாம். யோகமலருக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை வருசம் கழித்தும் அந்தப் பயம் எங்கேயும் போகவில்லை, விரலுக்குள் போய் இருந்துகொண்டு கடதாசியில் கையெழுத்துப் போடுகிறது. அதற்கும் வழியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மணி ஒரு காடியில் செருகித்தான் நிற்கிறது. பித்தளைக் குச்சியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி இடப்பக்கம் நகர்த்தினால் குண்டு வலப்பக்கம் வந்து நடுவில் விழும். "தட்டிவிடுவோமே," என்றாள். வெரேனா கடதாசிகளைச் சுருட்டினார். "தட்டலாம். உன் துவக்கு. ஆனால் தட்டினால் துவக்கு உன் பயத்துக்குப் பொருத்தமாகிவிடும். ஒரு நாள் பயம் போனால் அன்றைக்கு எல்லாம் வலப்பக்கம் போகும், ஏனென்று தெரியாமல் நிற்பாய்."

அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சலவையறையில் அந்தக் கிழமை முழுவதும் படுக்கை விரிப்புகளை மடித்தபடி இதையேதான் நினைத்தாள். ஒரு மூலையை மற்ற மூலையோடு சேர்த்துப் பிடித்து, உதறி, மடித்து, திரும்பவும் முதலிலிருந்து. எங்கள் வீட்டில் எத்தனையை அப்படித் தட்டி நகர்த்தி வைத்திருக்கிறோம். கட்டில் யன்னலோரம் இல்லை. வாசலில் ஒரு பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டு. பஸ்ஸில் இவர் கடைசி வாங்கில்தான் இருப்பார், முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கக்கூடாது. பலூன் இல்லாத வீடு எங்கள் வீடு. ஆரணியின் பிறந்தநாள் படங்களில் கேக் இருக்கும், கலர்க் கடதாசிச் சோடனை இருக்கும், பலூன் இருக்காது. ஒரு நாள் பிள்ளை வேறு வீட்டுக் கொண்டாட்டத்திலிருந்து ஒரு பச்சைப் பலூனுடன் வந்தாள், வாசலில் நின்று இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தாள், தானாகவே வெளியே போய் அதை வேலியில் கட்டிவிட்டு வந்தாள். ஆறு வயதிருக்கும். ஒருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை எங்களைப் பார்த்துப் பார்த்துத் தன் மணியை நகர்த்திக்கொண்டாள். ஆனால் அந்தப் பிள்ளை இன்றைக்கு ஒரு பாண்ட் வாத்தியக் கோஷ்டியில் ட்ரம் அடிக்கிறாள், என்ன அடி, பக்கத்து வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடுகிற அளவுக்கு. அதற்கு எந்தக் கடவுளுக்கு எத்தனை தேங்காய் உடைத்தாலும் காணாது. நேற்று மாலை கடைசி விரிப்பை மடித்தபோது முடிவு வந்துவிட்டது. உயரத்தை அராவுவது. இடப்பக்கத்தில் கை வைக்காமல் விடுவது. மணி நேராகவே நிற்கட்டும். இழுக்கிற விரல் என்னோடது, அது எனக்குத் தெரிந்தால் போதும்.

நிரப்பின ஐந்து அறைக்கும் தொப்பிகளை மாட்டினாள். காதடைப்பை இழுத்துவிட்டாள். பின்னால் வாங்கில் வெரேனா பின்னல் ஊசியோடு இருந்தபடி, "எப்போது வேண்டுமானாலும்," என்றார். வெட்டுக்குள் மணி, மணியின் தலையில் வட்டம். வட்டம் மங்கலாகத்தான் தெரிய வேண்டும், மணிதான் தெளிவாகத் தெரிய வேண்டும். தூரத்தில் இருப்பதைப் பார்க்காதே, கிட்ட இருப்பதைப் பார். மூச்சு. விரல். புகை முழுவதையும் மூடியது, மெல்ல மேலே போய் விலகியது. ஐந்தும் முடிந்தபின் தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்தாள். ஏறியிருந்தது, அரைச் சாண் இப்போது மூன்று விரல். கூடிப்போகவில்லை. அப்பாடா என்று நெஞ்சுக்குள் ஒன்று அவிழ்ந்தது. இடப்பக்கம் இருக்கத்தான் செய்தது, இருக்கட்டும். திரும்ப அரம், கீச், திரும்ப மெழுகுதிரி. எவ்வளவு கிட்ட வந்தால் போதும் என்பதுதான் இனிக் கேள்வி. நடுவுக்கே கொண்டுவர வேண்டும் என்ற ஆசை வரும், அந்த ஆசையில்தான் ஆட்கள் ஒரு இழுப்புக் கூட இழுத்துவிட்டு மணியைப் பாழாக்குவார்கள் என்று வெரேனா சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு இழுப்பு. இல்லை, ஒன்று. சரி, இரண்டு. அரத்தைத் தூரத் தள்ளி வைத்தாள், கைக்கு எட்டாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் கத்தியை வைக்கிற மாதிரி.

திரும்பவும் அறைகளை நிரப்பி முடித்த நேரம் பின்கதவு திறந்தது. குளிர்காற்று முதுகில் பட்டது. இவர் நின்றார். இரண்டு காதிலும் ரிஷ்யூக் கடதாசி உருட்டி அடைத்திருந்தார், நுனி வெளியே வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. வெரேனா எழும்பிப் போய் ஒரு காதடைப்பைக் கொண்டுவந்து நீட்டினார். இவர் அதை வாங்கி, ரிஷ்யூவுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, தலையை ஒருமுறை அசைத்தார். பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து அவளுடைய வலக்கைப் பக்கம் ஒரு எட்டுத் தள்ளி நின்றார்.

யோகமலர் துவக்கைத் தூக்கப் போன கையை எடுத்துக்கொண்டாள். சத்தத்துக்காக இல்லை. சத்தம் காருக்குள்ளும் கேட்டிருக்கும், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இறங்கி வந்திருக்கிறார். காருக்குள் கேட்காதது ஒன்று இருக்கிறது. தொப்பியில் அடிக்கிற குதிரையை, துவக்கின் சின்னச் சுத்தியலை, இழுத்து நிறுத்துகிற நேரம் வருகிற அந்தக் கிளிக். ஊரில் சண்டை நேரம் இவரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எந்தப் பக்கத்துக்காரர் என்று கேட்டால் இன்றுவரைக்கும், "துவக்கு வைச்சிருந்தவங்கள்," என்று மட்டும்தான் சொல்வார். மற்றதையும் ஒரே ஒருதரம்தான் சொன்னவர், இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், அகதிமுகாம் அறையில், அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து. ஒரு பனையோடு நிற்பாட்டுவார்களாம். குறி பார்ப்பார்களாம். கிளிக். ஒன்றும் வராது. சிரிப்பார்களாம். பிறகு வேறொரு நாள் திரும்பவும் பனையடி, திரும்பவும் கிளிக். வெறுந்துவக்கு. ஒவ்வொரு தரமும் இந்தத் தரம் வெறுந்துவக்கில்லை என்றுதான் நினைத்தேன் என்றார். அதைக் கேட்ட இரவு அவள் அந்தத் துவக்குக்காரரைச் சபித்தாள். ஆனால் விடிகிறதற்குள் வேறொரு நினைவு வந்தது, இன்றுவரைக்கும் ஒருவருக்கும் சொல்ல முடியாத நினைவு. அவன் குண்டு போடவில்லை. யாரோ ஒரு பெடியன், யாருடைய பிள்ளையோ, ஏதோ காரணத்துக்காக, மிச்சம் பிடிக்கத்தானோ, விளையாட்டுக்குத்தானோ, போடவில்லை. போடாதபடியால் இவர் இருக்கிறார், ஆரணி இருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரரை எழுப்புகிற ட்ரம் இருக்கிறது. அவனை மன்னிக்கவும் ஏலாது, அவனுக்கு நன்றி சொல்லாமலும் ஏலாது. இரண்டும் ஒரே தொண்டைக்குள் இத்தனை வருசமாக நின்றுகொண்டிருக்கிறது.

காதடைப்பை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, "இஞ்சேருங்கோ," என்றாள். "முதல்ல ஒரு சின்னச் சத்தம் வரும்."

இவரும் தன்னுடையதைத் தூக்கிக் காதைக் கொடுத்தார். "தெரியும்."

"நீங்கள் வேணுமெண்டால் காருக்க..."

"சுடும்," என்றார். நீர் சுடும். மரியாதையோடு சொல்கிற அந்தச் சுடும், வாரும், இரும், சாப்பிடும் என்று இவர் அவளுக்குச் சொல்கிற தொனியிலேயே.

துவக்கைத் தூக்கினாள். கட்டைவிரலால் குதிரையை இழுத்தாள். கிளிக். கண் மணியில் இருக்க வேண்டும், ஆனால் கடைக்கண் இவரிடம் போனது. மேசை விளிம்பைப் பிடித்திருந்த கை வெள்ளையாகியிருந்தது. கண்ணை மூடவில்லை. அவள் கண்ணை மணிக்குத் திருப்பினாள், வட்டத்தை அதன் தலையில் வைத்தாள், அதிக நேரம் வைத்திருக்கக்கூடாது, இவரை அந்தக் கிளிக்குக்குள்ளே நிற்கவிடக்கூடாது, ஆனால் அவசரப்பட்டாலும் குறி பிழைக்கும். விரலைச் சேர்த்தாள். வெடித்தது. புகை இரண்டு பேரையும் சேர்த்து மூடியது. புகைக்குள்ளிருந்து இவருடைய குரல் வந்தது, கொஞ்சம் அதிசயப்பட்ட மாதிரி, ஆனால் சாதாரணமாக, பாண் அடுப்பில் ஏதோ ஒன்றைக் கவனித்துச் சொல்கிற மாதிரி.

"வெடிக்குது."

"ஓம்," என்றாள். "இது வெடிக்கும்."

மிச்ச நாலையும் சுட்டாள். ஒவ்வொரு கிளிக்குக்கும் அந்தக் கை மேசையை இறுக்கியது, ஒவ்வொரு வெடிக்கும் விட்டது. கடைசிக்குக் கிட்ட வர இறுக்கம் குறைந்ததோ, அல்லது குறைய வேண்டும் என்று அவள் நினைத்தாளோ, சரியாகத் தெரியாது. முடிந்ததும் உருளையைக் கழற்றி வெறுமையாக்கி மேசையில் வைத்தாள். வெரேனா வந்து பார்த்தார், சுவரிலிருந்த ஆளியைத் தட்டினார், வெளியே சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. இனி ஒருவரும் துவக்கைத் தொடமாட்டார்கள், போய்க் கடதாசியைப் பார்க்கலாம்.

அவள் இறங்கிப் புல்லில் கால் வைக்கிறதற்குள் இவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். யோகமலர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். துவக்குகள் குறி வைக்கிற திசையில், ஒரு மறைப்பும் இல்லாத வெட்டவெளியில், துவக்கு மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி இவர் நடந்தார். ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. நனைந்த புல்லில் சப்பாத்தின் தடம் விழுந்துகொண்டே போனது. அவள் பின்னால் போனாள், கிட்டப் போகாமல், அந்த நடையைக் குழப்பாமல்.

இவர் கடதாசிக்கு முன்னால் நின்று ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். வட்டத்தின் நடுவுக்கு ஒரு விரல் கீழே, நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டின மாதிரி.

"இனி அராவ வேணுமோ?"

"வேண்டாம். காணும்."

"எல்லாம் கொஞ்சம் இடப்பக்கம் நிக்குது."

"அது துவக்கில்லை. அது நான்." சொல்லலாமோ என்று ஒரு கணம் யோசித்தாள், சொன்னாள். "பயத்தில கை சுண்டுது. அதைத் திருத்த வேண்டாம் எண்டு விட்டிட்டன்."

இவர் அவளைப் பார்த்தார். பிறகு அந்த இடப்பக்க ஓட்டைகளைப் பார்த்தார், வெகுநேரம், பழைய சினேகிதர் ஒருவரை இன்னார்தானா என்று பார்க்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் திரும்பினார். கடதாசிக்கு முதுகைக் கொடுத்து, அவர்கள் நடந்து வந்த பக்கம். கட்டடம் தெரிந்தது. மேசையில் துவாய், மரக்கட்டை, கழற்றி வைத்த துவக்கு. வெரேனா மூன்று கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்து, பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார், ஆவி எழும்பியது. குண்டுகள் வந்து சேருகிற இடத்தில் நின்றபடி இவர் அதையெல்லாம் பார்த்தார்.

"போவமே?" என்றாள் யோகமலர். "குளிருது, கோப்பி ஆறப்போகுது."

"பொறும்," என்றார். "கொஞ்ச நேரம் இஞ்ச நிப்பம்."

நின்றார்கள். வெரேனா தலையை நிமிர்த்தி அவர்களைப் பார்த்தார், கூப்பிடவில்லை. கோப்பைகளின் மேல் ஒவ்வொன்றாகத் தட்டை வைத்து மூடிவிட்டு, பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு வாங்கில் போய் இருந்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.